வெந்நீரும் பவுடரும் தீர்க்காத அடைப்பு

சிங்க் அடைத்துக்கொண்டதா? கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்று. நகரவில்லையா? கடையில் பவுடர் வாங்கிக் கொட்டு. அதற்கும் மசியவில்லையா? பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிவிட்டுப் படுத்துக்கொள், காலையில் சரியாகிவிடும். நம் ஊர்ச் சமையலறைகளில் இந்த மூன்று படி வைத்தியத்துக்கு மறுபேச்சு கிடையாது. மாமியார் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், மளிகைக் கடைக்காரர் சொல்லிக்கொண்டே பாக்கெட்டை எடுத்து நீட்டுகிறார். இப்போது அந்த வைத்தியம் நீலகிரி மலை ஏறியிருக்கிறது, அதுவும் சக்கரம் வைத்த சமையலறையோடு.

இதை நம்புகிறவர்கள் ஒன்றும் விவரம் தெரியாதவர்கள் அல்லர். மதுரையிலோ சென்னையிலோ சிங்க்குக்குக் கீழே இருக்கும் குழாய் வருடத்தில் பாதி நாள் 30 டிகிரிக்கு மேல் தான் இருக்கும். அங்கே ஒரு குண்டான் வெந்நீர் ஊற்றினால் குழாயில் ஒட்டிய நெய்ப்பசை இளகி ஓடத்தான் செய்யும். பவுடரும் மலிவு. பிளம்பரைக் கூப்பிட்டால் வருவதற்கு ஒரு நாள், வந்ததற்கு ஒரு கூலி. சீசன் நேரத்து ஊட்டியில் ஆளே கிடைப்பதில்லை. கேரவனிலோ சிங்க்குக்குக் கீழே கை நுழைவதே சிரமம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊற்றியதும் 'கொடகொட'வென்று ஒரு சத்தம், தேங்கிய தண்ணீர் மெல்ல இறங்கும் காட்சி. கண்ணால் கண்டதை எப்படி மறுப்பது?

மறுக்கத்தான் வேண்டும். ஏனென்றால் கண் பார்ப்பது சிங்க்கை மட்டும்தான்.

தமிழில் கேரவன் என்றால் நெடுங்காலம் சினிமா நட்சத்திரங்களின் வண்டிதான். அந்தப் பொருள் மாறிவருகிறது. 2021 செப்டம்பரில் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை அறிவித்தது. அடுத்த ஆண்டே வாகமனில் முதல் கேரவன் பூங்கா வந்தது. டெம்போ டிராவலரின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அடுப்பும் சிங்க்கும் பொருத்திக்கொண்டு பெங்களூரு, கோவை, கொச்சியிலிருந்து குடும்பங்கள் கிளம்புகின்றன. நீலகிரிக்கு வரும் வண்டிகளின் கூட்டம் நீதிமன்றம் வரை போன கதை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பே வைத்தார்கள். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். டிக்கியில் கிடக்கும் ஆசிட் கேனைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இந்த மூன்று படி வைத்தியம் சமவெளி வீட்டிலேயே அரைகுறை. நீலகிரியில் அது தவறு. நீலகிரிக்கு வந்த கேரவனில் இரட்டைத் தவறு. காரணங்கள் ஏழு.

1. வெந்நீர் கொழுப்பை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது

ஊட்டியில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? 100 என்று பள்ளிப் பாடத்தை ஒப்பிப்பவர்கள் அங்கே குக்கர் இல்லாமல் ஒருமுறை பருப்பு வேகவைத்துப் பார்க்கலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். ஆகவே அங்கே 'கொதிக்கக் கொதிக்க' என்பது 92, 93 டிகிரிதான். இந்த ஏழெட்டு டிகிரி போனால் போகட்டும். பெரிய இழப்பு சிங்க்கைத் தாண்டிய பிறகு நிகழ்கிறது.

கேரவன் சிங்க்கின் தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போவதில்லை. தரைக்குக் கீழே தொங்கும் தொட்டிக்குப் போகிறது. கிரே டேங்க் என்பார்கள்; நம் பாட்டிமார்கள் கழுநீர்த் தொட்டி என்றிருப்பார்கள். அந்தத் தொட்டியும் அதற்கான குழாயும் வண்டியின் வயிற்றுக்கு வெளியே மலைக்காற்றில் கிடக்கின்றன. தொட்டியில் ஏற்கெனவே 10 டிகிரியில் பத்து லிட்டர் கழுநீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 92 டிகிரி வெந்நீர் ஒரு லிட்டர் விழுந்தால் கலவையின் சூடு எவ்வளவு? பதினேழரை டிகிரி. சிங்க்கையும் குழாயையும் சூடாக்கியதில் போன வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காமலே இவ்வளவுதான்.

அந்தப் பதினேழரை டிகிரியில் எந்தக் கொழுப்பு உருகி நிற்கும்? தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். வனஸ்பதியின் உருகுநிலை 31 முதல் 41 டிகிரி வரை. நெய் முழுதாக இளக ஏறத்தாழ உடல் சூடு வேண்டும். ஆட்டுக் கொழுப்புக்கு அதற்கும் மேல். ஊட்டியிலோ கோடைப் பகலே சராசரியாக 22, 23 டிகிரிதான்; 2024 ஏப்ரலில் 29 டிகிரியைத் தொட்டபோது அது செய்தியாகவே வந்தது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் தலைக்குந்தா போன்ற பள்ளப் பகுதிகளில் புல்லின் மேல் உறைபனி படியும். கொச்சியிலிருந்து வரும் குடும்பத்தின் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கட்டியாகிவிடும் ஊரில், சிங்க் வழியே போன தேங்காய் எண்ணெய் மட்டும் திரவமாகவே இருக்கும் என்று எதிர்பார்ப்பது என்ன கணக்கு?

சிங்க்குக்குக் கீழே வளைந்திருக்கும் குழாயான டிராப்பில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அடைப்பு, வெந்நீர் ஊற்றியபின் எட்டாத இடத்துக்குத் தள்ளப்படுகிறது. சூரியகாந்தி எண்ணெய் உறையாதே என்பார்கள். சரிதான், உறையாது. ஆனால் வடித்த கஞ்சியோடும் பருப்பு மசியலோடும் சேர்ந்தால் அதுவும் குழாய்ச் சுவரில் பசையாகப் படியும்.

2. குழாய் என்ன இரும்பா?

வீட்டு, கேரவன் கழிவுக் குழாய்களில் பெரும்பாலானவை பிளாஸ்டிக். சாதாரண பிவிசி குழாயை 60 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டுக்குத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. 80 டிகிரியை நெருங்கினால் அது மென்மையாகிவிடும். ஒரு குவளை வெந்நீரில் குழாய் உருகி ஓடிவிடாது. ஆனால் அடைத்துக்கொண்ட டிராப்பில் வெந்நீர் ஓடிப் போவதில்லை, நிற்கிறது. நின்று, வளைவையும் வாஷரையும் பசை வைத்த இணைப்பையும் நிதானமாக வேகவைக்கிறது.

வீட்டுக் குழாய் சுவரில் அசையாமல் இருக்கிறது. கேரவன் குழாயோ மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும் குன்னூர் வரை பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக்கொண்டே ஏறுகிறது. கையால் முறுக்கிய செக் நட்டுகள் அந்தக் குலுக்கலில் தானாகவே தளரும். தளர்ந்த இணைப்பில் வெந்நீரை நிறுத்தி வைத்தால் அடைப்பு போகிறதோ இல்லையோ, கசிவு வந்துவிடும். சிங்க்குக்கு அடியில்தான் பல வண்டிகளில் பேட்டரி ஒயர்களும் போகின்றன.

3. பவுடர் குழாய்க்குள் சோப்பு காய்ச்சுகிறது

அடைப்பு நீக்கும் பவுடர்களின் உயிர் காஸ்டிக் சோடா. கொழுப்போடு சேர்ந்தால் அது கொழுப்பைச் சோப்பாக மாற்றும். சோப்பு தண்ணீரில் கரைந்து போகும். கேட்க நன்றாக இருக்கிறது. சோப்பு காய்ச்சத் தெரிந்த யாரிடமாவது கேட்டால் அதற்கு மூன்று நிபந்தனை சொல்வார்கள்: அளவு, சூடு, கிண்டுதல். அடைத்த டிராப்பில் மூன்றும் கிடையாது. குளிர்ந்த கொழுப்புக் கட்டியின் மேற்பரப்பை மட்டும் அது கொஞ்சம் அரிக்கும். தண்ணீர் போதாமல் போனால் பவுடரே அடியில் கல்லாகக் கட்டிக்கொள்ளும். முன்பு இருந்தது ஒரு கட்டி. இப்போது இரண்டு.

மேலும், எல்லா அடைப்பும் கொழுப்பு அல்ல. நம் சிங்க்குகளில் இறங்குவதைப் பட்டியல் போட்டால் உண்மை விளங்கும்: வடிகஞ்சி, இட்லி மாவு கழுவிய தண்ணீர், கறிவேப்பிலை, கடுகு, புளிச்சக்கை, தேங்காய்த் துருவல். நீலகிரிக்கு வந்தவர்கள் கூடுதலாக ஒன்று சேர்க்கிறார்கள்: தேயிலைத் தூள். வண்டியில் நாளுக்கு நாலு முறை டீ. நாலு முறையும் வடிகட்டியை நேராகச் சிங்க்கில் தட்டுவது. நனைந்த தூள் தண்ணீரோடு மிதந்து போகாமல் டிராப்பின் வளைவில் மணல் போலப் படிகிறது. கஞ்சிப்பசை அதை ஒட்டுகிறது, கொழுப்பு பூசி மெழுகுகிறது. இந்தக் காரையைக் காஸ்டிக் சோடா கரைக்கும் என்பதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

காஸ்டிக் தண்ணீரில் விழுந்ததும் கடுமையாகச் சூடேறும். 'பவுடரைக் கொட்டி அதன்மேல் வெந்நீர்' என்கிற வீட்டு யோசனையில் அது பொங்கிப் பீறிட்டு முகத்தில் தெறிக்கலாம். சில பவுடர்களில் அலுமினியத் துகளும் கலந்திருக்கும். அது காஸ்டிக்கோடு சேர்ந்து ஹைட்ரஜனை வெளிவிடும். ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றும் வாயு. கேஸ் அடுப்புக்கும் சிங்க்குக்கும் ஒரு முழம் இடைவெளி உள்ள, குளிருக்குச் சன்னலெல்லாம் சாத்திய வண்டிக்குள் செய்கிற காரியமா இது?

சோப்பாகி ஓடியதும் கதை முடிவதில்லை. கொழுப்பு அமிலம் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்தால் கரையாத கெட்டிப் படிவமாகும்; சாக்கடையின் சிமென்ட் சேம்பர்களில் அந்தச் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. 2017 செப்டம்பரில் லண்டன் ஒயிட்சேப்பல் பகுதிப் பாதாளச் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் ஒரு கொழுப்புப் பாறை கிடப்பதைக் கண்டார்கள். சமையல் கொழுப்பும் ஈரத் துடைப்புத் தாள்களும் சேர்ந்து இறுகியது அது. எந்தப் பவுடரும் அதைக் கரைக்கவில்லை. மண்வெட்டியும் உயர் அழுத்தத் தண்ணீரும் கொண்டு தொழிலாளர்கள் வாரக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள். அதில் ஒரு துண்டை மறு ஆண்டு லண்டன் அருங்காட்சியகம் காட்சிக்கே வைத்தது.

4. ஆசிட் வேறு நோய்க்கான மருந்து

கழிவறை ஆசிட் கரைப்பது உப்புப் படிவத்தை. கொழுப்பை அது ஒன்றும் செய்யாது. சமவெளியில் போர்த் தண்ணீர் புழங்கும் வீடுகளில் குழாயெல்லாம் வெள்ளை உப்பு பூத்திருக்கும். அங்கே ஆசிட்டுக்குக் கொஞ்சம் வேலை உண்டு. நீலகிரியின் ஓடைத் தண்ணீர் அப்படி உப்புக் கரித்த தண்ணீர் அல்ல. இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்தால் இருக்கும் உறுப்புதான் கெடும். எவர்சில்வர் சிங்க்கில் புள்ளிபுள்ளியாகக் குழி விழும். தொட்டி வால்வின் உலோகப் பாகங்கள் துருவேறும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஊற்றும் வரிசையில் இருக்கிறது. ஒருவர் நேற்று பிளீச்சிங் பவுடர் போட்டுப் பார்த்தார், போகவில்லை. இன்று ஆசிட் ஊற்றுகிறார். டிராப்பில் தேங்கிய பிளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் இருந்த சிப்பாய்களைக் கொல்ல ஏவிய அதே வாயு. பதினைந்தடி நீள வண்டியில் அதற்குத் தப்பி ஓட எவ்வளவு இடம் இருக்கும்?

5. 'இயற்கை வைத்தியம்' என்ற பெயரில் நுரை

ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் சமையல் சோடாவையும் வினிகரையும் பரிந்துரைக்கிறார்கள். வினிகர் இல்லாவிட்டால் எலுமிச்சை. பொங்கி நுரைத்து வருவதைப் பார்த்தால் ஏதோ பெரிய சண்டை நடப்பது போல் தோன்றும். சண்டை நடப்பது உண்மை, ஆனால் சோடாவுக்கும் வினிகருக்கும் இடையில். காரமும் அமிலமும் ஒன்றையொன்று அடித்து முடித்தபின் மிஞ்சுவது ஒரு சாதுவான உப்புத் தண்ணீரும் கரியமில வாயுவும். கொழுப்பு ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. தனித்தனியே இரண்டுக்கும் சின்னச் சின்ன உபயோகம் உண்டு: சோடா தேய்க்க, வினிகர் கறை நீக்க. சேர்த்தால் அதுவும் போயிற்று.

நுண்ணுயிர் திரவம் விற்பவர்களும் இந்தக் கட்சிதான். அவற்றை முற்றாகத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் பாக்டீரியா குளிரில் சோம்பேறி. இட்லி மாவு ஊட்டியில் ஒரே இரவில் பொங்காதது போலத்தான் இதுவும். 10 டிகிரித் தொட்டியில் அது வேலை செய்து முடிப்பதற்குள் விடுமுறை முடிந்துவிடும்.

6. பாதி நேரம் அடைப்பே இல்லை

நாற்றம் வந்தால் அடைப்பு, தண்ணீர் மெதுவாக இறங்கினால் அடைப்பு என்று தீர்ப்பெழுதுகிறவர்கள், குற்றம் நடந்ததா என்று பார்க்காமலே தண்டனை கொடுக்கிறார்கள்.

சிங்க்குக்குக் கீழே வளைந்த டிராப் எதற்கு? அதில் தேங்கும் கொஞ்சம் தண்ணீர்தான் தொட்டியின் வாயுவை மேலே வரவிடாமல் மறிக்கிறது. 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் கழிப்பறையின் வளைந்த குழாய்க்குக் காப்புரிமை பெற்ற நாளிலிருந்து அதன் தத்துவம் மாறவில்லை. வீட்டில் அந்தத் தண்ணீர் அசையாது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் வண்டியிலோ அது இப்படியும் அப்படியும் ஆடி வழிந்து, குன்னூர் வந்து சேரும்போது டிராப் காலியாக இருக்கலாம். மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றத்துக்கு மருந்து ஆசிட் அல்ல. ஒரு டம்ளர் தண்ணீர்.

மெதுவாக இறங்குவதற்கும் வேறு காரணங்கள் உண்டு. தொட்டி நிரம்பியிருந்தால் தண்ணீர் எங்கே போகும்? குழாய்க்குள் காற்று புகும் வால்வு ஒட்டிக்கொண்டால், கவிழ்த்த பாட்டிலில் இருந்து வருவதுபோல் தண்ணீர் விக்கி விக்கித்தான் இறங்கும். வண்டி சரிவில் நின்றால் சிங்க்கிலிருந்து தொட்டிக்கு இறங்க வேண்டிய குழாய், தொட்டியிலிருந்து சிங்க்குக்கு இறங்கும் குழாயாகிவிடும். கேத்தியிலும் கோத்தகிரியிலும் சமதரையில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. பின் சக்கரத்துக்கு ஒரு பலகை வைத்தால் தீர்கிற பிரச்சினைக்குக் காஸ்டிக் சோடாவைக் கரைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

7. ஊற்றியது எங்கே போகிறது?

இந்தக் கேள்வியை மட்டும் மூன்று படி வைத்தியம் கேட்பதே இல்லை.

முதலில் அது ஒருவர் கைக்குப் போகிறது. ஆசிட்டும் பவுடரும் தோற்ற பிறகுதான் பிளம்பருக்குப் போன் போகிறது. அவர் வந்து, குனிந்து, டிராப்பைக் கழற்றுகிறார். தேங்கி நின்ற காஸ்டிக் கரைசல் அவருடைய கையிலும் கண்ணிலும் கொட்டுகிறது. என்னென்ன ஊற்றினோம் என்று அவரிடம் சொல்கிற வீட்டுக்காரர்கள் எத்தனை பேர்? டிராப்பைத் தாண்டிப் போனது சேம்பருக்குப் போகிறது. அங்கேயும் ஒரு துப்புரவுத் தொழிலாளி இருக்கிறார். மனிதர்களைச் சாக்கடைக்குள் இறக்குவதைத் தடுக்க 2013-இல் சட்டம் வந்தது. அடைப்பை அடுத்த சேம்பருக்குத் தள்ளிவிடும் பழக்கம் அந்தச் சட்டத்துக்கு எதிராக அன்றாடம் வேலை செய்துகொண்டிருக்கிறது.

பிறகு அது மலைக்குப் போகிறது. 'தொட்டி வால்வைத் திறந்தே வைத்தால் அடைக்காது' என்று கேரவன்காரர்களிடையே ஒரு யோசனை சுற்றுகிறது. இயந்திர நோக்கில் பார்த்தாலே அது தவறு. வால்வு திறந்திருந்தால் தண்ணீர் ஓடிப்போகும், தூளும் கொழுப்பும் தரையோடு தங்கிக் காயும். மூடிவைத்து, முக்கால் தொட்டி நிறைந்ததும் ஒரே மூச்சில் திறந்தால்தான் வேகம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். சாலையோரம் திறந்துவிடுவது வெறும் அழுக்குப் பழக்கம் மட்டுமல்ல. ஓடையில் மாசு கலப்பதை 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது.

'ஒரு வண்டித் தண்ணீரால் மலை கெட்டுவிடுமா?' என்பவர்கள் ஊட்டி ஏரியைப் போய்ப் பார்க்கலாம். 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டுவித்த ஏரி. நகரத்தின் கழிவைச் சுமந்துவரும் கோடப்பமந்து கால்வாய் அதில்தான் கலக்கிறது. படகில் ஏறுபவர்கள் மூக்கைச் சுளிப்பதற்குத் தனியொரு குற்றவாளி கிடையாது. ஒவ்வொரு சிங்க்கும் 'நான் ஒருத்தன்தானே' என்று நினைத்ததன் கூட்டுத்தொகை அது. குன்னூரின் ஆறு பவானிக்கு இறங்குகிறது. பைக்காரா மோயாறாகிப் பவானிசாகரில் சேர்கிறது. சத்தியமங்கலத்திலும் கோபியிலும் வயலுக்குப் பாய்வது மேலிருந்து வரும் இந்தத் தண்ணீர்தான்.

இத்தனையும் சொன்ன பிறகு நியாயமான ஒரு கேள்வி வரும்: சரி, அடைத்துவிட்டதே, வேறென்ன செய்வது? குளிரில், குழந்தைகள் பசியோடு இருக்கும்போது, பாத்திரம் குவிந்து கிடக்கும்போது?

முதலில் தொட்டியைப் பார்க்க வேண்டும்: நிரம்பியிருக்கிறதா, வண்டி சாய்ந்திருக்கிறதா? அதில் தவறில்லை என்றால் பிளஞ்சர். கேரவனில் சிங்க்கும் வாஷ்பேசினும் குளியல் தொட்டியும் பெரும்பாலும் ஒரே குழாயில் சேர்வதால், மற்ற துளைகளை ஈரத்துணியால் இறுக அடைத்துவிட்டு அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் அழுக்கு அந்தப் பக்கமாகப் பீறிடும். அடுத்தது, கீழே ஒரு பக்கெட் வைத்து டிராப்பைக் கழற்றுவது. கையால் முறுக்கும் நட்டுதான். ஸ்பானர் கூட வேண்டாம். உள்ளே இருப்பதைக் குச்சியால் தோண்டிக் குப்பையில் போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, வாஷர் இருக்கிறதா என்று பார்த்து மாட்டினால் பத்து நிமிட வேலை. அப்போதும் போகவில்லையென்றால் மெல்லிய ஸ்பிரிங் கம்பியை விட்டுச் சுழற்றலாம். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை மட்டும் வைக்கக் கூடாது; அடைப்புக்கு முன்னால் இணைப்புகள்தான் பிய்த்துக்கொண்டு போகும்.

வெந்நீருக்கும் இடம் உண்டு, அடைப்பு நீங்கிய பிறகு. கை பொறுக்கிற சூட்டில் ஒரு சிங்க் நிறையத் தண்ணீர் பிடித்து, பாத்திரச் சோப்பைக் கலக்கி, மூடியைச் சட்டென்று இழுத்துவிட வேண்டும். கொழுப்பைத் துகளாக்கித் தண்ணீரோடு ஓடவைப்பது சோப்பு. குழாயைக் கழுவுவது தண்ணீரின் கனம். வாரம் ஒருமுறை இது போதும்.

ஆனால் இவையெல்லாம் இரண்டாம் பட்சம். அடைப்பு குழாயில் தொடங்குவதில்லை, தட்டில் தொடங்குகிறது. சிங்க் என்பது எல்லாவற்றையும் விழுங்கும் வாய் என்ற எண்ணமே நமக்குப் புதுசு. கழுநீர்ப் பானை வைத்திருந்த வீடுகளில் கஞ்சியும் பருப்புத் தண்ணீரும் மாட்டுக்குப் போயின. எண்ணெய்ப் பிசுக்கைச் சாம்பலும் தேங்காய் நாரும் தண்ணீர் படுமுன்பே துடைத்து எடுத்தன. குழாய் வந்தபோது அந்தப் பழக்கத்தைக் கைவிட்டோம். அப்போது கைவிட்டதைத்தான் இப்போது பாக்கெட்டில் விலைக்கு வாங்கிச் சரிக்கட்டப் பார்க்கிறோம்.

செய்ய வேண்டியது சின்ன விஷயம். சாப்பிட்ட தட்டையும் வாணலியையும் பழைய செய்தித்தாள் துண்டால் துடைத்துவிட்டுக் கழுவுவது. ஊட்டிக் குளிர் இங்கே துணைக்கு வருகிறது: ராத்திரி வாணலியில் விட்ட கொழுப்பு காலையில் கட்டியாக நிற்கும், கரண்டியால் சுரண்டி எடுத்துவிடலாம். சிங்க் துளையில் பத்து, இருபது ரூபாய் வலைமூடி. தேயிலைத் தூள் தனி டப்பாவில். தங்கும் விடுதியின் ரோஜாச் செடி அதை வாங்கிக்கொள்ளும். பொரித்த எண்ணெய் பாட்டிலில். அதைச் சேகரித்து பயோடீசல் ஆக்குவதற்கு இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையமே 2018-இல் 'ரூகோ' என்றொரு திட்டம் தொடங்கியது. பெரிய ஓட்டல்களுக்கு இது புது விஷயமல்ல. சிங்க்குக்கும் சாக்கடைக்கும் நடுவே கிரீஸ் டிராப் வைத்துக் கொழுப்பை மிதக்கவிட்டு வழித்தெடுக்கிறார்கள். கேரவனில் அந்தப் பெட்டிக்கு இடமில்லை. அதன் வேலையைச் செய்தித்தாள்தான் செய்தாக வேண்டும்.

'சுற்றுலா வந்த இடத்திலும் இதெல்லாமா?' என்பது கடைசித் தடை. ஒரு தட்டைத் துடைக்கப் பத்து வினாடி. ஐந்து பேர் குடும்பத்துக்கு வேளைக்கு ஒரு நிமிடம். மூன்று நாள் பயணத்துக்குப் பத்து நிமிடம் கூட ஆகாது. அடைத்த சிங்க்கோடு சீசன் நேரத்தில் பிளம்பரைத் தேடி ஊட்டியின் சேரிங் கிராஸைச் சுற்றி வர அரை நாள் ஆகும்.

நீலகிரிக்குப் புதுப்பழக்கம் வராது என்று சொல்ல முடியாது. மஞ்சப்பையும் தண்ணீர்க் குடுவையுமாக மலை ஏறக் கற்றுக்கொண்டவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அது கல்லாறு சோதனைச் சாவடியில் நிறுத்திக் கேட்டதால் வந்த பழக்கம். கேரவன்கள் பெருகுமுன், கழுநீரை முறையாக இறக்க ஊட்டியிலும் குன்னூரிலும் ஒவ்வோர் இடமாவது மாவட்ட நிர்வாகம் ஒதுக்க வேண்டும். விடுதிக்காரர்கள் அறைச் சாவியோடு ஒரு வலைமூடியையும் கொடுக்கலாம். கல்லாறில் பாட்டில் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பார்ப்பவர்கள், ஒரு நொடி குனிந்து, வண்டிக்கு அடியில் அந்த வால்வு மூடியிருக்கிறதா என்றும் பார்க்கட்டும்.